லாட்ஜ் களையிழந்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

லாட்ஜ் என்றதும் அறை வாடகை ஞாபகத்துக்கு வருகிறவர்கள் மன்னிக்கவும். இங்கே பேச்சு ஃப்ரீமேசன், ஆட் ஃபெலோஸ், எல்க்ஸ் மாதிரியான சகோதரத்துவச் சங்கங்களின் லாட்ஜைப் பற்றி. சடங்கு, பதவி, சடங்கில் இடுப்பில் கட்டும் ஏப்ரன், சந்தா, கூட்டம் முடிந்ததும் சாப்பாடு என்று ஓடுகிற அமைப்பு. நான் ஒரு மேசானிய (அதாவது ஃப்ரீமேசன்) லாட்ஜில் பல வருடம் செயலாளராக இருந்தவன். அதனால் உதாரணங்கள் பெரும்பாலும் அங்கிருந்தே வரும். மற்றவர்கள் பதவிப் பெயரை மாற்றிப் படித்துக்கொண்டால் போதும். 'சகோதரர்' என்று வருகிற இடத்தில் சகோதரிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆட் ஃபெலோஸ் 1851இலேயே பெண்களுக்காக ரெபெக்கா டிகிரியைக் கொண்டுவந்துவிட்டார்கள். (டிகிரி என்றால் பட்டம் அல்ல, சடங்கு நடத்தி உறுப்பினரை ஏற்றுகிற படிநிலை.) 1893இல் பிரான்சில் தொடங்கிய லெ த்ருவா யூமேன், ஆணும் பெண்ணும் சேர்ந்தே உட்காரும் மேசானிய அமைப்பு.

ஆள் குறைவது உங்கள் லாட்ஜில் மட்டும் நடக்கிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1959இல் சுமார் 41 லட்சம் ஃப்ரீமேசன்கள் இருந்தார்கள். இன்று 10 லட்சத்துக்கும் கீழே. டிவி வந்தது, போன் வந்தது, யாருக்கும் நேரமில்லை என்று காரணம் அடுக்கிக்கொண்டே போகலாம். அதெல்லாம் நம் கையில் இல்லை. நம் கையில் இருப்பது ஒரு கையெழுத்துப் புத்தகம், ஒரு போன், மாதத்தில் ஒரு மாலை.

முதலில் அந்தப் புத்தகத்தை எடுங்கள்

கூட்டத்துக்கு வருகிறவர்கள் வாசலில் டைலர் முன்னால் கையெழுத்துப் போடுவார்கள் அல்லவா? (இந்த டைலர் துணி தைப்பவர் அல்ல, வாளோடு கதவைக் காப்பவர்.) கடைசி 12 கூட்டங்களின் பக்கங்களை எடுத்து, உறுப்பினர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சிலால் புள்ளி வையுங்கள். ஒரு மணி நேர வேலைதான். இதைச் செய்யாமல் கமிட்டி போட்டு விவாதித்தால், அவரவர் மனதில் யார் மேல் வருத்தமோ அதுதான் காரணமாக வெளியே வரும்.

புள்ளி வைத்து முடித்ததும் பெயர்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். விடாமல் வருகிறவர்கள். நன்றாக வந்துகொண்டிருந்து ஒரு குறிப்பிட்ட மாதத்தோடு நின்றுபோனவர்கள். சேர்ந்த புதிதில் வந்துவிட்டு மறைந்தவர்கள். வெளியூர் போனவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள். ஒவ்வொன்றும் தனித்தனி நோய். எல்லாருக்கும் சேர்த்து 'தவறாமல் வருகை தரவும்' என்று ஒரே சுற்றறிக்கை அனுப்புவது, ஆஸ்பத்திரி வார்டு முழுவதற்கும் ஒரே மாத்திரையை விநியோகிப்பது மாதிரி.

பிறகு ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதிப் பாருங்கள்: இவர் இந்த மாதம் வராவிட்டால் எது நின்றுபோகும்? 'எதுவும் நிற்காது' என்ற பதில் எத்தனை பேருக்கு வருகிறது என்று எண்ணுங்கள். எங்கள் லாட்ஜில் எண்ணியபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. நாங்கள் அதுவரை 'ஆர்வமில்லாதவர்கள்' என்று பேசிக்கொண்டிருந்த அத்தனை பேரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கீழே வருகிற அறிகுறிகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும்.

அறிகுறி: பேரேட்டில் 80 பேர், நாற்காலியில் 15 பேர், அதுவும் அதே 15 பேர்

வழக்கமான வைத்தியம், நிகழ்ச்சியைக் கவர்ச்சியாக்குவது. பேச்சாளரைக் கூப்பிடுவோம், சாப்பாட்டைப் பெரிதாக்குவோம். ஒரு மாதம் கூட்டம் வரும், அடுத்த மாதம் பழைய 15. விருந்தாளியாக அழைத்தால் விருந்தாளியாகத்தான் வருவார்கள். விருந்தாளி தினமும் வரமாட்டார்.

சரி, வேலை கொடுக்கலாம் என்றால் அதையும் தப்பாகவே செய்கிறோம். லாட்ஜின் தலைவரான மாஸ்டர் எழுந்து நின்று, "ஆண்டு விழாவுக்கு யாராவது உதவ முன்வந்தால் நன்றாக இருக்கும்" என்கிறார். அந்த 'யாராவது' என்பவர் எந்த லாட்ஜிலும் உறுப்பினர் இல்லை. மாக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் கயிறு இழுக்கவைத்துச் சோதித்து, 1913இல் வெளியிட்ட முடிவு ஒன்று உண்டு: கூடச் சேர்ந்து இழுக்கிறவர்கள் அதிகமாக அதிகமாக, ஒவ்வொருவரும் போடுகிற பலம் குறைகிறது. சபை முழுவதையும் பார்த்துக் கேட்கும்போது நடப்பதும் அதுதான்.

ஒருவரைத் தனியாக, பெயர் சொல்லி, சின்னதாக, முடியும் தேதியோடு கேளுங்கள். 'உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்' என்பது வேலையே அல்ல. 'அடுத்த இரண்டு கூட்டத்துக்கு வெளி லாட்ஜிலிருந்து வருகிறவர்களை வாசலில் வரவேற்று, உள்ளே யாரோடாவது உட்காரவைக்கும் பொறுப்பு உங்களுடையது' என்பது வேலை.

எங்களிடம் ஒருவர் இரண்டு வருடமாக எட்டிப்பார்க்கவில்லை. அழைப்பு அனுப்பினோம், ஆண்டு விழாவுக்கு நேரில் போய்க் கூப்பிட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. ஹாலுக்கு மிகப் பக்கத்தில் வீடு அவருக்குத்தான். ஒருநாள் சாவியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். "பிரதர், மூணு மாசம் நான் சீக்கிரம் வர முடியாது. சாவி உங்ககிட்ட இருக்கட்டும். ஆறு மணிக்குத் திறந்து, ஃபேனைப் போட்டு வெச்சா போதும். அப்புறம் நீங்க போனாலும் சரி." முதல் தடவை அவர் 20 நிமிடம் தாமதம். மாஸ்டரிலிருந்து எல்லாரும் வாசலில் நின்றோம், கையில் பையும் ஏப்ரனுமாக. அவர் ஓடிவந்து கதவைத் திறந்தபோது முகம் சிவந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; சொல்லக்கூடாது என்று முன்பே பேசிவைத்திருந்தோம். அடுத்த மாதம் ஐந்தரைக்கே திறந்திருந்தது. மூன்று மாதம் முடிந்து சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

இந்த வித்தை பழையது. 1734இல் பென்சில்வேனியாவின் மேசானிய கிராண்ட் மாஸ்டராக (லாட்ஜ்களின் ஒட்டுமொத்தத் தலைவராக) இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், தன்னைப் பிடிக்காத ஒரு சட்டசபை உறுப்பினரிடம் அரிய புத்தகம் ஒன்றை இரவல் கேட்டு வாங்கினார். அதன் பிறகு அவர் நண்பராகிவிட்டாராம். நமக்கு உதவி செய்தவரைவிட, நம்மிடம் உதவி கேட்டவரோடுதான் ஒட்டுதல் வருகிறது போலிருக்கிறது. 1969இல் ஜெக்கர், லாண்டி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய இதே பக்கம்தான் தராசு சாய்ந்தது.

ஓர் எச்சரிக்கை. போலி வேலை கொடுக்காதீர்கள். 'ஒருங்கிணைப்புக் குழு இணை உறுப்பினர்' என்று அட்டை அச்சடித்துக் கொடுத்தால் அவருக்கு அன்றைக்கே புரிந்துவிடும். அவர் செய்யாவிட்டால் உண்மையிலேயே எல்லாரும் வாசலில் நிற்க வேண்டும். அந்த ஆபத்தை ஏற்க மனமில்லாத லாட்ஜ், அதே 15 பேரோடு காலம் தள்ள வேண்டியதுதான்.

அறிகுறி: மூன்றாம் டிகிரி முடிந்தது, புதியவர் மாயம்

மேசானிய லாட்ஜ்களின் பரம்பரை வியாதி இது. முதல் மூன்று டிகிரியின்போதும் எல்லார் கண்ணும் அவர் மேல்தான். அவருக்காகவே சபை கூடுகிறது, அவருக்காகவே சடங்கு நடக்கிறது. மூன்றாவது முடிந்த அடுத்த கூட்டத்தில் அவர் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். கல்யாண மாப்பிள்ளை அடுத்த வாரமே அதே மண்டபத்துக்கு நாற்காலி அடுக்க வந்தமாதிரி. நாற்காலி அடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை என்பதுதான் இன்னும் மோசம்.

முதலில் பார்க்க வேண்டியது, அவரை முன்மொழிந்தவர் வருகிறாரா என்று. கையெழுத்துப் புத்தகத்தில் இரண்டு பேரும் ஒரே மாதத்தில் நின்றிருந்தால் கோளாறு புதியவரிடம் இல்லை. அவருக்கு லாட்ஜில் தெரிந்த ஒரே முகம் அந்த முகம்தான். முன்மொழிந்தவரைத் தவிர இன்னொருவரை, முடிந்தால் வேறு வயது, வேறு தொழில் உள்ளவரை, முதல் நாளிலிருந்தே சேர்த்துவிடுங்கள். விளக்கம் சொல்லித்தர மட்டும் அல்ல. சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார.

இரண்டாவது, மூன்றாம் டிகிரி முடிகிற அன்றே அடுத்த இரண்டு மாதத்துக்கான வேலை அவர் கையில் இருக்க வேண்டும். நான் கண்டவரை நன்றாகப் பலிப்பது, அடுத்து வருகிற புதியவருக்கு முதல் டிகிரியின் கருவிகளை விளக்குகிற பகுதியை இவரை மனப்பாடம் பண்ணச் சொல்வது. 24 அங்குல அளவுகோல், சுத்தியல், உளி என்று சின்னப் பகுதிதான். அளவுகோல் நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கிறது என்று சொல்லும்போது, 'எனக்கு நேரமே இல்லை' என்று சொல்லிப் பழகிய ஆளுக்கே சிரிப்பு வரும். போன வருடம் தான் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, கை நடுங்க அவர் அதை ஒப்பிப்பதைக் கேட்க வேண்டும். தப்பு வந்தால் பின் பெஞ்சிலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் எடுத்துக்கொடுக்கிற பழக்கம் உங்கள் லாட்ஜில் இருந்தால் உடனே நிறுத்துங்கள். எடுத்துக்கொடுக்க ஒருவர், ஒரே ஒருவர்.

சடங்கு யாருக்குமே வராத லாட்ஜ் என்றால், முழுச் சடங்கையும் ஒரே தலையில் கட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். துண்டு போட்டுப் பகிர்ந்து கொடுங்கள்.

அறிகுறி: கூட்டம் நடக்கும்போது எல்லாரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்

இதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒரு தடவை நேரம் குறித்துப் பாருங்கள். போன மாதக் கூட்டக் குறிப்பை வாசிக்க எவ்வளவு, கடிதங்களை வாசிக்க எவ்வளவு, ஒரு பில்லுக்காக வாக்குவாதம் எவ்வளவு. குறிப்பை முன்னாலேயே எல்லாருக்கும் அனுப்பிவிட்டு, திருத்தம் இருந்தால் மட்டும் கேட்டு ஏற்றுக்கொள்ளலாம். கூட்டம் நடத்தும் முறைக்கென்று 1876இல் முதல் பதிப்பு வந்த ராபர்ட்ஸ் விதிமுறையைப் பின்பற்றும் சபைகளுக்கு இது சாதாரணம். உங்கள் மேலிடமான கிராண்ட் லாட்ஜ் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பில் சண்டைகள் கமிட்டிக்குப் போகட்டும். சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள், ஐந்து பேர் இருந்தாலும். தாமதமாக வருகிறவருக்காகக் காத்திருந்தால், நேரத்துக்கு வந்தவருக்கு அது தண்டனை.

அறிகுறி: சாப்பாட்டு மேசையில் கோஷ்டி கோஷ்டியாக உட்காருகிறார்கள்

பலவகை ஆட்கள் உள்ள லாட்ஜை நோட்டம் விட வேண்டிய இடம் சபை அறை அல்ல. அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பதவி தீர்மானிக்கிறது. கதவு திறந்து எல்லாரும் சாப்பிடப் போகும்போது பாருங்கள். இந்த மொழிக்காரர்கள் இங்கே, அந்த மதத்தார் அங்கே, ஓய்வுபெற்றவர்கள் ஜன்னலோரம், இளவட்டம் கதவோரம் போனோடு. உள்ளே எல்லாரும் சமதளத்தில் நிற்கிறோம் என்று ரசமட்டத்தைக் காட்டிப் பேசிவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

மதச் சண்டை, அரசியல் சண்டை, சொந்தப் பகை எதுவும் லாட்ஜ் வாசலைத் தாண்டி வரக்கூடாது என்று 1723இல் அச்சான மேசானிய விதிநூலான ஆண்டர்சனின் சாசனத்திலேயே இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அது சண்டையைத் தடுக்கும், பழக்கத்தை உண்டாக்காது. பழக்கம் நாம் உண்டாக்க வேண்டியது. 1886இல் ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங் சேர்ந்த லாகூர் லாட்ஜில் பல மதத்தார் ஒன்றாக இருந்தார்கள். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். நம் மேசையில் நேற்று யார் யார் பக்கத்தில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் சத்தமில்லை.

என் கணக்கில் இந்த நோய்க்கு மூன்று மூலங்கள், முதலாவதுதான் பெரியது: வாட்ஸ்அப் குழு. சபையில் வாய் திறக்காத விஷயமெல்லாம் இரவு பதினொரு மணிக்கு ஃபார்வர்டாக வந்து விழும். அனுப்பியவர் யோசிக்காமல் அனுப்பியிருப்பார். அது யாரைக் குத்துகிறதோ அவர் பதில் போடமாட்டார், புகாரும் சொல்லமாட்டார். அடுத்த மாதம் வரமாட்டார், அவ்வளவுதான். 'ஒரு குறிப்பிட்ட மாதத்தோடு நின்றுபோனவர்கள்' பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு அந்த மாதத்துக் குழுச் செய்திகளை மேலே தள்ளிப் படித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு பேருடைய காரணம் அப்படித்தான் கிடைத்தது. அறிவிப்புக்கு ஒரு குழு, செயலாளர் மட்டும் எழுதுவது. அரட்டைக்கு வேறு குழு, விருப்பமுள்ளவர்கள் சேரலாம். வாசல் விதி இரண்டுக்கும் பொருந்தும் என்று மாஸ்டர் சபையிலேயே சொல்ல வேண்டும். மீறினால் குழுவில் திட்டாதீர்கள். போனில் தனியாகச் சொல்லுங்கள். குத்துப்பட்டவர் வீட்டுக்கு, அனுப்பியவரே போவது உத்தமம். அது நடந்த ஒரு தடவை இரண்டு பேரும் திரும்ப ஒரே காரில் கூட்டத்துக்கு வந்தார்கள்.

இரண்டாவது, சாப்பாடும் குடியும். யார் எதைச் சாப்பிடமாட்டார், யாருக்கு அன்று விரதம், யார் குடிக்கமாட்டார் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டால் முடிந்தது. டோஸ்ட்டை (கோப்பையை உயர்த்திச் சொல்கிற வாழ்த்தை) தண்ணீரிலும் சொல்லலாம், குடிக்காதவர் 'ஏன்?' என்று விளக்கம் கொடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படக்கூடாது. வருட அட்டவணை போடும்போதே எல்லா மதத்துப் பண்டிகைத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய பெருநாளன்று கூட்டம் வைத்துவிட்டு, 'சிறப்பு அனுமதி தருகிறோம், வராவிட்டால் பரவாயில்லை' என்பது பெருந்தன்மை இல்லை, கவனக்குறைவு.

மூன்றாவது, மொழி. பாதிப் பேருக்குப் புரியாத மொழியில் ஜோக் சொல்லிச் சிரிப்பது. சிரிக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயமாகவே தெரியாது.

மேசையைக் கலைக்க நாங்கள் செய்தது எளிது: வாசலில் எண் எழுதிய சீட்டு, எந்த எண்ணோ அந்த மேசை. மூத்தவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் சீட்டை ரகசியமாக மாற்றிக்கொண்டதும் எனக்குத் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டேன். மாதாமாதம் செய்தால் விளையாட்டு அலுத்துவிடும்; மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் சீட்டைவிட நன்றாக ஒட்டவைப்பது கூட்டு வேலைதான். பேச விஷயமில்லாத இரண்டு பேரை ஒரே மேசையில் உட்காரவைத்தால் சாதத்தைப் பார்ப்பார்கள். அதே இரண்டு பேரிடம் ஹாலின் பழைய பீரோவை ஒழுங்குபடுத்தச் சொல்லுங்கள், அரை மணி நேரத்தில் வீட்டுக் கதை வரை வந்துவிடும்.

அறிகுறி: 'வர ஆசைதான், அந்த நாள்தான் ஒத்துவரவில்லை'

பாதி நேரம் இது மரியாதையான மறுப்பு. மீதிப் பாதி நேரம் உண்மை. பிரித்தறிய, 'எந்த நாள் வசதி?' என்று கேட்காதீர்கள். ஆளுக்கு ஒரு நாள் சொல்லி விவகாரம் அப்படியே நின்றுவிடும். 'எந்த நாள், எந்த நேரம் கட்டாயம் முடியாது?' என்று கேளுங்கள். ஷிப்டு வேலைக்காரர், சின்னக் குழந்தை உள்ளவர், இரவில் வண்டி ஓட்ட முடியாத முதியவர் ஆகிய மூவரின் 'முடியாது'களையும் ஒரே தாளில் போட்டால், மாற்ற முடிகிறதா இல்லையா என்பது கண்ணில் தெரிந்துவிடும்.

நேரத்தை மாற்றுவது மரபுக்கு விரோதம் என்று யாராவது சொன்னால், அந்தக் காலத்து லாட்ஜ்கள் பல பௌர்ணமியை ஒட்டியே கூடின என்று சொல்லுங்கள். சடங்குக் காரணம் எதுவும் இல்லை. நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் என்பதுதான். மரபே உறுப்பினர் வசதியில் பிறந்தது. இங்கிலாந்தில் பகலில் கூடுகிற லாட்ஜ்களும் உண்டு. ஆனால் மாற்றினால் முறைப்படி மாற்றுங்கள்: துணைவிதியில் நாள் எழுதியிருக்கும், தீர்மானத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வேண்டும். அவசரப்பட்டு மாற்றி, வழக்கமாக வந்த 15 பேரில் ஐந்து பேரை இழந்த லாட்ஜையும் பார்த்திருக்கிறேன்.

வண்டி ஓட்ட முடியாதவருக்குக் கார் உள்ள இளையவரை ஜோடி சேருங்கள். இதில் இரண்டு லாபம். தாத்தாவை ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்பதால் பேரன் வயதுக்காரர் மட்டம் போடமாட்டார். போகிற வழியில் அவர் கேட்டுக்கொள்கிற லாட்ஜ் சரித்திரம், எந்தப் பயிற்சி வகுப்பிலும் கிடைக்காதது.

அறிகுறி: முன்னாள் மாஸ்டர்கள் விடுவதில்லை

'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓர் இளைஞர் கதவைப் பார்க்கிறார். உண்மைதான். ஆனால் அவர்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு முதல் வரிசையில் பொம்மையாக உட்காரவைத்தது யார்? அவர்களுக்கும் அதே கேள்விதான்: இவர் வராவிட்டால் எது நிற்கும்? ஒன்றும் நிற்காத மனிதர், எதையாவது நிறுத்திக் காட்டித்தான் தன்னைக் காட்டிக்கொள்வார். ஒவ்வொரு முன்னாள் மாஸ்டருக்கும் ஒரே ஒரு சீடர் என்று கொடுங்கள். இந்த வருடம் இந்த இளையவருக்கு இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பது உங்கள் வேலை, அவர் சபையில் தடுமாறினால் உங்கள் பெயர்தான் கெடும். எதிர்ப்பு ஆச்சரியமான வேகத்தில் அடங்கும்.

பதவி ஏணியையும் ஒருமுறை பாருங்கள். அடிப்படியில் ஏறினால் வருடத்துக்கு ஒரு படியாக மாஸ்டர் நாற்காலி வரை போயே ஆக வேண்டும் என்ற பழக்கம் இருந்தால், ஒரு வருடம் மட்டும் உழைக்கத் தயாராக இருக்கிறவர் பக்கத்திலேயே வரமாட்டார்.

அறிகுறி: சந்தா பாக்கி ஏறிக்கொண்டே போகிறது

பொருளாளர்கள் கோபப்படக்கூடாது, பாக்கி என்பது தெர்மாமீட்டர். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைத் திட்டிப் பயனில்லை. பாக்கிப் பட்டியலையும் வருகைப் பட்டியலையும் ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். பெரும்பாலும் வருகை முதலில் நிற்கும், பணம் அப்புறம்தான் நிற்கும்.

இதில் என் சொந்தத் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு சகோதரருக்கு அடுத்தடுத்து மூன்று நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன். மூன்றாவதில், விதி எண் போட்டு, உறுப்பினர் பதவி நிறுத்திவைக்கப்படலாம் என்றும் எழுதினேன். பதில் வந்தது. உறைக்குள் பாக்கித் தொகை முழுவதும், கூடவே விலகல் கடிதம், இரண்டே வரி. அவர் மனைவி ஏழு மாதமாகப் படுக்கையில் இருந்தது பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஏழு மாதத்தில் லாட்ஜிலிருந்து அந்த வீட்டுக்குப் போன ஒரே விஷயம் என் மூன்று கடிதங்கள். நேரில் போனேன். காபி கொடுத்தார், மரியாதையாகப் பேசினார், திரும்பி வரவில்லை.

1819இல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி தொடங்கிய ஆட் ஃபெலோஸ் சங்கத்தின் முதல் கட்டளையே நோயாளியைப் போய்ப் பார்ப்பதுதான். துயரப்பட்டவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அநாதைக் குழந்தையைப் படிக்கவைப்பது எல்லாம் அதற்கு அடுத்து. மேசானிய லாட்ஜ்களில் இதற்கென்றே அல்மனர் என்று ஓர் அதிகாரி உண்டு. பல இடங்களில் அது ஓய்வெடுக்கிற பதவியாகிவிட்டது. ஆகவே இன்று முதல் ஒழுங்கு இப்படி இருக்கட்டும்: தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவருக்கு அல்மனர் போன் பண்ண வேண்டும், சந்தா பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல். அந்தப் போனுக்குப் பிறகுதான் பொருளாளர் கடிதம் எழுதலாம். பணக் கஷ்டம் என்று தெரிந்தால் தள்ளுபடியோ தவணையோ மாஸ்டர், அல்மனர், பொருளாளர் மூவரோடு முடியட்டும். சபையில் பெயர் வாசிக்கப்படுவதை யாரும் மறப்பதில்லை.

அறிகுறி: ஊருக்குள் இப்படி ஒரு லாட்ஜ் இருப்பதே யாருக்கும் தெரியாது

காசோலை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை, பெறுகிறவருக்குப் பணம் பணம்தான். ஆனால் அது மாஸ்டருக்கும் பொருளாளருக்கும்தான் வேலை. மற்றவர்கள் கை தட்டுகிறார்கள். மூஸ் சங்கம் 1913இல் குழந்தைகளுக்காக மூஸ்ஹார்ட் என்ற ஊரையே அமைத்தது, ஃப்ரீமேசன்களின் கிளைச் சங்கமான ஷிரைனர்கள் 1922 முதல் ஆஸ்பத்திரிகள் நடத்துகிறார்கள். அதெல்லாம் தேசிய அளவிலான காரியம். ஒரு லாட்ஜுக்கு வேண்டியது சின்னது, அருகில் இருப்பது, மாதாமாதம் நடப்பது, கை அழுக்காவது. ஒரு பள்ளிக்கூடத்து நூலகம், ஒரு பூங்கா, ஒரு முதியோர் இல்லத்தின் மாலை வாசிப்பு. வருடத்துக்கு 12 விதமான சேவை செய்வதைவிட ஒரே இடத்துக்கு இரண்டு வருடம் போவது மேல். அங்கே உள்ளவர்கள் உங்களை எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். நிகழ்ச்சி நிரல் எதையும்விட அந்த எதிர்பார்ப்பு ஆளை வீட்டிலிருந்து கிளப்பும். சடங்கில் மனம் ஒட்டாதவர், கூட்ட நாளில் வர முடியாதவர், உறுப்பினரின் மனைவி, மக்கள் எல்லாருக்கும் இங்கே இடம் உண்டு. வெளி லாட்ஜ் விழாக்களுக்கும் மாநில மாநாட்டுக்கும் தவறாமல் போய்விட்டு உள்ளூர்க் கூட்டத்துக்கு மட்டும் வராத 'பெரிய' சகோதரர் ஒருவர் எல்லா லாட்ஜிலும் இருப்பார். அவரையும் துடைப்பத்தோடு இங்கேதான் முதலில் பார்க்கலாம்.

அறிகுறி: எல்லாம் செய்தாயிற்று, சிலர் வரவே இல்லை

வரமாட்டார்கள். சிலருக்கு லாட்ஜ் முடிந்துபோன கட்டம். சிலர் வருடம் ஒருமுறை வருவார்கள், சந்தாவை நேரத்துக்குக் கட்டுவார்கள். அவர்களைப் போட்டுப் படுத்தாதீர்கள். பட்டியலில் அவர்கள் பெயருக்கு எதிரே வேறு நிறத்தில் ஒரு குறி போட்டுவிட்டு, பலம் மிச்சமிருப்பதைப் புதியவர்கள் மேல் செலவழியுங்கள்.

ஆனால் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1868இல் தொடங்கிய எல்க்ஸ் சங்கத்தில் இரவு பதினொரு மணிக்கு, அங்கே இல்லாதவர்களுக்காக ஒரு டோஸ்ட் சொல்வார்கள். இங்கிலாந்து மரபு லாட்ஜ்கள் பலவற்றில் அது ஒன்பது மணிக்கு. கடிகார முட்கள் இரண்டும் மூலைமட்டம் மாதிரி செங்கோணத்தில் நிற்கிற நேரம். நாங்கள் வெகுகாலம் 'வராத சகோதரர்களுக்கு' என்று மொத்தமாகச் சொல்லி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இப்போது டைலர் அன்றைய கையெழுத்துப் புத்தகத்தைக் கொண்டுவந்து, வராதவர்களில் ஒருவருடைய பெயரைச் சொல்கிறார். மேசையில் ஒருவர் கை தூக்குகிறார். மறுநாள் காலை போன் பண்ணப்போவது அவர்.